ஒருவருக்கான பெட்டி

அன்பின் உம்மாவுக்கு, ஸலாம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நல்ல சுகம்.

சமைப்பதற்கு எல்லாவற்றையும் நறுக்கி அளந்து வீட்டுக்கே கொண்டுவரும் பெட்டி ஒன்று தோஹாவில் வந்திருக்கிறது. முதல் பெட்டி இலவசமாம், எங்கள் அறைக்கும் ஒன்று வந்தது. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. வெங்காயத்தை எப்போது வெட்டினார்களோ, மசாலாவில் வாசமே இல்லை.

“ஹலால் எண்டு போட்டிரிக்குதானே, தின்னு” என்றான் அறையில் கூட இருக்கும் அஸ்கி.

“போட்டாக் காணுமா, வாசம் வேணாமா?” என்றேன். சிரித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டான். நான் வேலை முடிந்து வரும் நேரம்தான் அவன் போகும் நேரம்.

சமைத்தேன். ருசி மோசமில்லை, ஆனாலும் இனி வேண்டாம். அடுத்த மாதம் ஊருக்கு வரும் அஸ்கியிடம் காரமான கொச்சிக்காய்த் தூளும், நாம் ஐந்து பேரும் சுற்றியிருந்து சாப்பிடும் பெரிய சஹன் தட்டும் கொடுத்துவிடுங்கள்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. ஒன்றுதான் விளங்கவில்லை. பெட்டியின் மேல் ‘ஒருவருக்கு’ என்று எழுதியிருந்தது. நான் தனியாகத்தான் சாப்பிடுகிறேன் என்று அவர்களுக்கு யார் சொன்னது?

மகன்,
அஹ்ஸன்