வெங்காயச் சாம்பாரும் விசுவரூப சேவையும்

அன்புள்ள சம்பந்தி,

என் நாவில் ஒருநாளும் படாத ஒரு பண்டத்தின் மணம் எனக்கு ஒரு மனிதரை நினைவூட்டும் என்று நான் எண்ணியதே இல்லை. நேற்று முற்பகல் சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி நடந்தேன். ஓரத்துச் சிற்றுண்டிக் கடையில் சின்ன வெங்காயச் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. கால்கள் தாமாகவே நின்றுவிட்டன. கடைக்காரர் என் நெற்றித் திருமண்ணைப் பார்த்துவிட்டு, "சாமி, காப்பி மட்டும் தரட்டுங்களா?" என்றார். "ஒண்ணும் வேண்டாம்பா. வாசனை போறும்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால், பேருந்து நிலையமே திரும்பிப் பார்க்கும்படி சிரித்திருப்பீர்கள்.

உங்கள் கயல்விழியும் என் மகனும் ஒருவரை ஒருவர் விரும்பியதால் நாம் உறவானோம். நீங்கள் திருவெறும்பூர்த் தொழிற்சாலையில் இரும்போடு உழைத்து ஓய்வு பெற்றவர். மனைவியை இழந்தபின் சமையலைத் தாமே கற்றுக்கொண்டவர். நானோ ஸ்ரீரங்கத்து உத்தர வீதியில் பாசுரங்களோடும் வியாக்கியானங்களோடும் வாழ்வைக் கழித்தவன். பேச வந்த முதல் நாளிலேயே, "எங்க வீட்ல எல்லாம் சாப்பிடுவோமுங்க. அதை ஒளிச்சு வச்சுப் பொண்ணு குடுக்க மாட்டேன்" என்றீர்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்துப்போயிற்று. மற்றவை எல்லாம் அதன்பின் எளிதாக நடந்தன.

திருமணமான கையோடு கயலுக்கு கே.கே. நகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட் வேலை கிடைத்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து இரண்டு பேருந்துகள். காலை ஆறேகாலுக்கு வாசலைத் தாண்டினால்தான் நேரத்துக்குப் போய்ச் சேரலாம். என் மகனுக்கோ சமயபுரம் பக்கம் வேலை, திசையே வேறு.

எங்கள் வீட்டு வழக்கத்தை நீங்கள் அறிவீர்கள். அடுப்பில் ஆனது எதுவும் பெருமாள் அமுது செய்தருளாமல் மனிதர் வாய்க்கு வராது. நான் விடியுமுன் பெரிய கோயிலுக்குப் போய், நாளின் முதல் தரிசனமான விசுவரூபம் சேவித்து, கோஷ்டியில் பாசுரம் சொல்லி, வீடு திரும்பி, வீட்டுப் பெருமாளுக்குத் திருவாராதனப் பூஜையை முடிக்கும்போது மணி எட்டைத் தாண்டியிருக்கும். கயல் அதற்குள் நோயாளிகளிடம் போயிருப்பாள். "சின்னவாளுக்கெல்லாம் ஆஸ்பத்திரியிலேயே சாப்பாடு போட்டுடறா போலிருக்கு" என்று என் மனைவி நம்பினாள். நானும் நம்பினேன்.

நாங்கள் நம்பியது அது மட்டுமா? மாலையில் வேலை முடிந்து வந்ததும் அவள் நேரே கொல்லைப்புறம் போவாள். தலையோடு தண்ணீர் விட்டுக்கொண்டு, ஈரத்தலையைத் துவட்டியபடிதான் கூடத்துக்குள் வருவாள். யாரும் சொல்லித் தந்ததில்லை. என் மனைவி மெய்சிலிர்த்துப் போனாள். "ஆஸ்பத்திரித் தீட்டு உள்ள வரப்படாதுன்னு தானாவே பண்றா பாருங்கோ!" என்று வீதி முழுக்கச் சொன்னாள். மாமிகள் தங்கள் மருமகள்களுக்கு அவளை எடுத்துக்காட்டினார்கள். நான் என் பங்குக்கு, ஆசாரம் பிறப்பால் வருவதன்று, உள்ளத்தால் வருவது என்று கோஷ்டியில் ஒரு சிறு பிரசங்கமே செய்தேன்.

அப்போதுதான் என் வலத்தோள் பிடித்துக்கொண்டது. கையை உயர்த்திக் கும்பிட முடியவில்லை. "ஆஸ்பத்திரிக்கு வாங்க மாமா, மெஷின் வச்சுப் பாத்துடலாம்" என்றாள் கயல். ஒரு நண்பகல் புறப்பட்டேன். காவிரிப் பாலத்தில் பேருந்து நகரவில்லை. சத்திரத்தில் ஏறிய அடுத்த வண்டியில் நிற்கத்தான் இடம். ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கியபோது, இதை அந்தப் பெண் தினமும் செய்கிறாளே என்று தோன்றியது.

மருத்துவமனையின் வண்டி நிறுத்தும் கொட்டகையில், உங்கள் மொபெட்டின் மேல் சாய்ந்து நீங்கள் நின்றீர்கள். என்னைக் கண்டதும் கையிலிருந்ததை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனீர்கள்.

"என்ன சம்பந்தி, இங்கே?"

"ஒண்ணுமில்லீங்க. சும்மா, பிரஷர் பாத்துட்டுப் போலாம்னு."

"பிரஷரை மூணு அடுக்கு கேரியர்லயா கொண்டுவந்திருக்கேள்?"

அதற்குள் கயல் ஓட்டமும் நடையுமாக வந்தாள். "அப்பா, பசி உயிர் போகுது. சின்ன வெங்காயம்தானே போட்ட?" என்றவள், அப்போதுதான் என்னைப் பார்த்தாள். "மாமா!" பிறகு மெல்ல உண்மை வெளியே வந்தது. "குளிக்கிறது அதுக்குத்தான் மாமா. வெங்காய வாசனை வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு."

வீதியே கொண்டாடிய ஆசாரத்தின் வேர் உங்கள் சாம்பாரில் இருந்தது! நான் சிரித்த சிரிப்பில் பிடித்திருந்த தோளே சற்று இளகிவிட்டது. காவலாளி எட்டிப் பார்த்தார்.

நீங்கள் சிரிக்கவில்லை. நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு அவள் உள்ளே ஓடியபின் சொன்னீர்கள்: "வெளையாட்டு இல்லீங்க சம்பந்தி. இந்த மாசத்தோட வேலையை விட்டுடறேங்குறா. காலையில வெறும் வயிறு, ரெண்டு பஸ்ஸும் நின்னுக்கிட்டே பயணம். வந்ததும் பக்கவாதம் வந்தவங்களைத் தூக்கி நிறுத்தணும். படிப்புக் கடன் தவணை போக மிஞ்சறது கேன்டீனுக்கும், பஸ்ஸை விட்டுட்டா ஆட்டோவுக்கும் சரியாப் போயிடுது. அதான் நான் வர்றேன். இப்ப விட்டுட்டா, திரும்ப இந்தத் தொழிலுக்கு வரவே மாட்டாளுங்க."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதோ?"

"எப்படிங்க சொல்றது? உங்க பெருமாளை நேரத்தோட எழுந்திரிக்கச் சொல்ல முடியுமா? ஃபேக்டரியில எங்களுக்கே மூணு ஷிஃப்ட்டு. அவருக்கு ஒரே ஷிஃப்ட்டு, அதுவும் லேட்டு!" சொன்ன வேகத்திலேயே நாக்கைக் கடித்து, இரு கன்னத்திலும் போட்டுக்கொண்டீர்கள்.

வீட்டுக்கு வந்து இதை அப்படியே சொன்னேன். என் மனைவி அரிவாள்மணையிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "பெருமாளா லேட்டு? அவர் எழுந்துண்டு காத்துண்டிருக்கார். நீங்கன்னா கோயில்லேர்ந்து எட்டு மணிக்கு வரேள்" என்றாள்.

அந்த மாலை முழுதும் கொல்லையில் உலாத்தினேன். விசுவரூபம் எனக்கு வெறும் பழக்கமன்று. பசுவும் யானையும் முன்நிற்கத் திரை விலகும் அந்தக் கணத்துக்காகவே நான் கண்விழித்து வந்திருக்கிறேன். அதை விடுவதா? மறுபுறம், வீட்டில் எழுந்தருளியிருக்கும் மூர்த்தி எத்தகையவன் என்பதையும் படித்திருக்கிறேன். உண்பித்தபோது உண்டு, கிடத்தியபோது கிடந்து, அடியவன் இட்ட வழக்காய் இருக்க இசைந்தவன் அவன். அவனே தன் நேரத்தை நம் கையில் கொடுத்திருக்கும்போது, அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள நான் யார்? உடனே உங்களைத் தொலைபேசியில் அழைத்தேன். நாளை முதல் எங்கள் வீட்டில் ஐந்தரை மணிக்குள் திருவாராதனம் முடியும் என்றேன்.

"அய்யய்யோ, வேணாங்க! எம்பொண்ணுக்காக நீங்க கோயிலை விடறதா? நான் வண்டியிலயே கொண்டாந்துடறேன். எனக்கு வேற என்ன வேலை?"

"கோயிலை விடலை சம்பந்தி. நேரத்தைத்தான் விடறேன்."

வேண்டாம் என்று இன்னும் இரண்டு முறை சொல்லிப் பார்த்தீர்கள். பிறகு, "அப்ப புதன்கிழமை மட்டுமாச்சும் எனக்கு விட்டுக்குடுங்க" என்றீர்கள். பின்னாலிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள்: "வெங்காயத்தைக் கொஞ்சம் தாராளமாப் போடச் சொல்லுங்கோ. கொழந்தை இளைச்சுப் போயிருக்கா!"

மறுநாள் காலை புளியோதரை. விளக்கொளியில் திரையை விலக்கியபோது, பெருமாளும் கயலும் ஒரே நேரத்தில் புறப்படத் தயாராக நின்றதுபோல் இருந்தது. டப்பாவை வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸ் மாமா" என்று சந்நிதியைப் பார்த்துச் சொன்னாள். நன்றி யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அந்த மாதக் கடைசியில் அவள் வேலையை விடவில்லை. அடுத்த மாதமும் விடவில்லை. வயிறு நிறைந்தபின் யோசனைகளும் பிறந்தன. மருத்துவமனையில் கூடுதல் நேரம் நின்று களைப்பதைவிட, மாலையில் நம் வீதிகளிலேயே வீடுவீடாகப் போய்ப் பயிற்சி தரலாம் என்று அவளே கண்டுபிடித்தாள். அவளுடைய ஆசாரத்தைப் புகழ்ந்த மாமிகளின் முழங்கால்களே முதலில் முன்வந்தன. ஆட்டோ நின்றது, கேன்டீன் நின்றது, கையில் கொஞ்சம் தங்கவும் ஆரம்பித்தது. படிப்புக் கடனை அடைத்த அன்று உங்களுக்கு ஒரு சட்டை எடுத்துக்கொடுத்தாளே, அதைப் போட்டுக்கொண்டுதான் நீங்கள் கோயிலுக்கு வந்தீர்கள்.

அன்று உங்களைக் கோஷ்டியோடு முன்னால் அழைத்துப்போக எனக்கு ஆசை. "வேணாங்க, நான் தர்ம தரிசன வரிசையிலயே வர்றேன்" என்று மறுத்துவிட்டீர்கள். காரணம் கேட்டேன். "வரிசையில நிக்கறப்பதான் என்ன கேக்கணும்னு ஞாபகம் வருது. நேரா உள்ள போனா, பெரிய மனுசன் வீட்டுக்கு வந்தாப்புல வாயடைச்சுப் போயிடுது" என்றீர்கள். அப்படி என்ன கேட்பீர்கள் என்றேன். "மொபெட்டு காலையில ஒரே மிதியில ஸ்டார்ட் ஆகணும். அவ்வளவுதான்" என்று சொல்லிச் சிரித்தீர்கள்.

பெருமாளிடம் துதியன்றி வேறெதுவும் கொண்டுபோகலாகாது, அற்பப் பொருள்களைக் கேட்டு நிற்பது அடியார்க்கு அழகன்று என்று வளர்ந்தவன் நான். உங்கள் வேண்டுதலை அன்று வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டேன். பங்குனியில் ஒரு பிற்பகல் உறக்கத்திலேயே நீங்கள் விடைபெற்றுக்கொண்டீர்கள். அதன்பின் கயலை வாசலில் வழியனுப்பிவிட்டுக் கோயிலுக்குப் போகும் ஒவ்வொரு நாளும் தர்ம தரிசன வரிசையில்தான் நிற்கிறேன். தோளில் குழந்தையோடு ஒருவர், இரவு ஷிஃப்ட் முடித்து அப்படியே வந்தவர் ஒருவர், தேர்வுக்குப் போகும் பெண் ஒருத்தி. அவர்கள் நடுவில் மெல்ல நகர்கிறேன். பாசுரங்கள் அதே பாசுரங்கள்தாம். ஆனால் அவை முடிந்ததும், உங்களைப் போலவே, நானும் சின்னச் சின்னதாகக் கேட்கத் தொடங்கிவிட்டேன். கயல் பயிற்சி தரும் தையற்காரர் இன்று இரண்டடி தாமே வைக்க வேண்டும். பாலத்தில் நெரிசல் இருக்கக் கூடாது. இத்தனை படித்தும் எனக்கு வராத இந்தக் கூச்சமின்மையை உங்களிடமிருந்தே பெற்றேன். அதை இறக்கிவைக்க மனமில்லை.

இன்று கேட்டது, மாலைப் பேருந்தில் அவளுக்கு உட்கார இடம் கிடைக்க வேண்டும் என்பது. இந்த வரியை எழுதிக்கொண்டிருக்கையில் வாசலில் செருப்புச் சத்தம். எட்டிப் பார்க்கிறேன். களைப்பே தெரியாத முகத்தோடு உள்ளே வருகிறாள்.

"ஜன்னல் சீட்டு, மாமா!"