பேச முடியாதவர் அனுப்பிய மெயில்

பெகிமாயின் அப்பாவுக்கு,

நான் வெப்சைட் செய்வதைப் 'படம் ஒட்டுற வேலை' என்பீர்களே, அதற்கு முதல் வெளியூர் ஆர்டர் வந்தது. ஒஷ் நகரில் ஒருவர் ஓட்டல் திறக்கிறாராம். காதில் ஆபரேஷன், போனில் பேச முடியாது, மெயில் மட்டும்தான் என்று எழுதியிருந்தார். நான் சொன்ன விலைக்கு உடனே சம்மதித்தார்.

"பேரமே பேசாத மனுஷன், விட்றாத அண்ணி!" என்று உங்கள் தங்கை குதித்தாள்.

எனக்குத்தான் உறுத்தியது. மெனு பக்கத்தில் போடுவதற்காக, "உங்கள் புலாவுக்கு எந்த அரிசி?" என்று கேட்டு எழுதினேன். "எதையாவது போடுங்கள்" என்று பதில் வந்தது. கூடவே, எனக்குக் கூடுதலாகப் பணம் அனுப்புவாராம், மிச்சத்தை அவருடைய ஆளுக்கு நான் அனுப்ப வேண்டுமாம்.

பக்கத்து ஊர் உஸ்கென் அரிசியைப் பற்றிப் பீற்றிக்கொள்ளாத ஒஷ் ஓட்டல்காரர் எங்கே இருக்கிறார்? ஏமாற்று மெயில்தான்; அவர் பணம் வந்ததாகக் காட்டிவிட்டு மறைந்துவிடும், நான் அனுப்பியது மட்டும் போனதுதான். நான் வெப்சைட் வேலை கற்கும் வகுப்பில் மூன்று பேருக்கு அதே மெயில் வந்திருந்தது, மூவரையும் தடுத்தேன். "இனிமே எந்த மெயில் வந்தாலும் இவகிட்ட காட்டிட்டுப் பதில் போடுங்க" என்று டீச்சர் எல்லார் முன்னாலும் சொன்னார். அன்று நான் நடந்து வந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

மாஸ்கோவிலிருந்து மூன்று மாதமாக நீங்களும் போனில் மைக் கெட்டுவிட்டது என்று மெசேஜ் மட்டும்தான் அனுப்புகிறீர்கள். எதைக் கேட்டாலும் "உன் இஷ்டம்" என்கிறீர்கள்.

நம் வீட்டுப் புலாவுக்கு நான் எந்த அரிசி போடுவேன்?

பதிலை எழுத வேண்டாம். கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

இப்போதெல்லாம் எளிதில் ஏமாறாத,
உங்கள் மனைவி