நிரா என்று கொடுத்த செடி

ததெயாமா,
1974 மார்ச் 19

மசயோவுக்கு,

உங்கள் மலையில் பனி உருகிவிட்டதா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். எனக்கு இப்போது அதற்கெல்லாம் மனம் இல்லை.

போன அக்டோபரில் ஒரு பெட்டி நிறையக் கிழங்கும் வேருமாக அனுப்பினாயே, அதில் முளைத்த ஒன்று பக்கத்து வீட்டு ஹமகுச்சி தம்பதியை ஆஸ்பத்திரியில் தள்ளிவிட்டது. இலை நீளமாக, தட்டையாக, அச்சு அசல் நிரா கீரை. பூவும் வரவில்லை. சமையலுக்கு ஆகுமே என்று ஒரு தொட்டியில் பெயர்த்து அந்த அம்மாவுக்குக் கொடுத்தேன். வியாழக்கிழமை அதை அறுத்து முட்டையோடு வதக்கியிருக்கிறார். அரை மணி நேரத்தில் இரண்டு பேருக்கும் வாந்தி. கணவர் கழிவறைக்கு ஓடும்போது வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. எழுபத்தொரு வயது மனிதர்.

டாக்டர் மிச்சமிருந்த இலையைப் பார்த்துவிட்டு, "இது நிரா இல்லம்மா, சுய்சென். பூச்செடி. இத யாராவது திம்பாங்களா?" என்றாராம்.

விஷச் செடியை அனுப்புகிறவள் ஒரு வார்த்தை எழுத வேண்டாமா? தெருவில் எல்லோரும் என்னைத்தான் பார்க்கிறார்கள். யார் தந்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம் உன் பெயரைச் சொல்லிவிட்டேன். ஏன் மறைக்க வேண்டும்?

இட்சுகோ


மாட்சுமோதோ,
மார்ச் 27

அன்புள்ள இட்சுகோவுக்கு,

ஹமகுச்சி ஐயா விழுந்ததை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் எப்படி இருக்கிறார் என்று உடனே எழுது.

இனி உன் குற்றச்சாட்டு. பெட்டியில் பதினோரு பொட்டலம் இருந்தது. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு தாள் வைத்தேன். பெயர், எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் வெயில், எல்லாம் எழுதியிருந்தேன். சுய்சென் தாளில் சிவப்பு மையில் 'வாயில் வைக்கக் கூடாது' என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டிருந்தேன். அந்தத் தாள்கள் எங்கே?

தாளே இல்லை என்று வைத்துக்கொள். நிராவைக் கசக்கினால் பூண்டு மாதிரி நாறும். சுய்சென்னைக் கசக்கினால் பச்சைப் புல் வாசனைதான் வரும். நிராவுக்கு வெங்காயம் போல உருண்டைக் கிழங்கும் கிடையாது. தொட்டியில் பெயர்த்து வைத்தவள் அடியில் இருந்ததைப் பார்க்கவில்லையா? முகர்ந்துகூடப் பார்க்காமல் அடுத்த வீட்டுக்காரிக்குச் சாப்பிடக் கொடுத்திருக்கிறாய்.

நேற்று விதைப் பரிமாற்றச் சங்கத்திலிருந்து நான் அனுப்பிய விதை உறைகள் முப்பத்திரண்டும் திரும்பி வந்துவிட்டன. ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. "நிரா என்று எழுதி சுய்சென் அனுப்பியதாகத் தெரியவந்திருக்கிறது" என்று தலைவர் எழுதியிருக்கிறார். நிரா என்று நானா எழுதினேன்? என் வீட்டுக்காரர் போன பிறகு எனக்கு வருகிற தபால் எல்லாம் அந்தச் சங்கத்திலிருந்துதான், உனக்குத் தெரியாதா? யாரடி சொன்னது?

மசயோ


ததெயாமா,
ஏப்ரல் 6

மசயோவுக்கு,

நான்தான் சொன்னேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நிரான்னுதானே குடுத்தே? உனக்கு யாரு நிரான்னு சொன்னாங்க?" என்று கேட்டபோது வாயில் வந்தது உன் பெயர்தான். சங்கத்துக்கும் அப்படியே எழுதிவிட்டேன். போதுமா?

நீ எழுதுகிற கடிதத்தைப் படித்தால் பள்ளிக்கூட மரப்பலகையில் மறுபடி உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. முகர்ந்து பார், அடியில் பார், இதுகூடத் தெரியாதா! முப்பத்தெட்டு வருஷமாக இதே பேச்சு. என் கல்யாணத்தன்று நான் வைத்த பூஜாடியை மாமியார் வீட்டார் முன்னால், "இது சரியா நிக்கலடி, தள்ளு" என்று கலைத்து நீ மறுபடி வைத்தாய். அன்று ராத்திரி என் மாமியார் என்ன கேட்டார் தெரியுமா? "அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்றார்.

பெட்டியைப் பிரித்ததும் பதினோரு தாள்! ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுதுகிற மாதிரி. வெயில் எந்தப் பக்கம் வரும் என்று என் வீட்டில் எனக்குத் தெரியாதா? ஒன்றைக்கூடப் படிக்காமல் மொத்தத்தையும் குளிக்க வெந்நீர் போடுகிற அடுப்பில் போட்டேன். எனக்கும் தோட்டம் தெரியும்.

இட்சுகோ


மாட்சுமோதோ,
ஏப்ரல் 12

இட்சுகோ,

உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். அடுப்பில் போட்டேன் என்கிற வரியை எழுதிவிட்டுத் திரும்பப் படித்தாயா, அப்படியே ஒட்டி அனுப்பினாயா?

எழுதியவள் நான். எரித்தவள் நீ. விழுந்தவர் ஒருவர். பழி மறுபடி எனக்கு.

பூஜாடி எனக்கு நினைவே இல்லை. நினைவில்லை என்பதுதான் உன்னை இன்னும் எரிக்கும் என்று தெரிகிறது. நான் அப்படிச் செய்யக் கூடியவள்தான், மறுக்கவில்லை. அதற்கு முகத்துக்கு நேரே நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். முப்பத்தெட்டு வருஷம் "உன்னைப் போல வருமா" என்று எழுதிக்கொண்டே இருந்தாயே, அவ்வளவும் பொய்யா?

ஹமகுச்சி அம்மாவிடம் நீயே போ. எரித்ததைச் சொல். பிறகு சங்கத்துக்கு உன் கையால் எழுது. அதுவரை எனக்கு எழுதாதே.

மசயோ


ததெயாமா,
ஏப்ரல் 29

மசயோவுக்கு,

திரும்பப் படிக்கவில்லை. ஒட்டி அனுப்பிவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். தாள் வந்தது, படிக்காமல் எரித்தது நான், நிரா என்று பெயர் வைத்ததும் நான் என்று சொன்னேன். அந்த அம்மா கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"செடிய மாத்திக் குடுத்தே, சரி. கண்ணு ஏமாந்துடும். ஆனா ஒரு மாசமா இதே நாற்காலில உக்காந்து அந்த மலையூர்க்காரியத் திட்டினியே. நானும் கூடச் சேர்ந்து திட்டினேனே. முகம் தெரியாத ஒருத்தியச் சாகட்டும்னு சொல்ல வெச்சுட்டியேம்மா."

கட்டிலிலிருந்து ஐயா, "முட்ட என்னவோ ருசியாத்தான் இருந்துச்சு" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவர் கோலூன்றி நிற்கப் பழகுகிறார். நான் கொண்டுபோன பழத்தை அந்த அம்மா என் பையிலேயே திருப்பி வைத்துவிட்டார்.

சங்கத்துக்கும் எழுதிவிட்டேன். இந்தக் கடிதத்தில் மன்னிப்பு என்று எழுதி இரண்டு தடவை அடித்துவிட்டேன். அந்த வார்த்தை உனக்குப் போதாது என்று தெரியும்.

இட்சுகோ


மாட்சுமோதோ,
மே 20

இட்சுகோவுக்கு,

தலைவர் வருத்தம் தெரிவித்து எழுதினார். விதை கேட்டும் ஆறு பேர் எழுதியிருக்கிறார்கள்.

ஹமகுச்சி அம்மாவும் எழுதியிருந்தார். என்னைச் சபித்த வாயைக் கழுவ வேண்டுமாம். ஐயா வீடு திரும்பிவிட்டாராம், ஒருமுறை வந்து சாப்பிட்டுப் போகச் சொல்கிறார். அடுத்த புதன்கிழமை காலை ரயிலில் வருகிறேன். நான் அனுப்பிய செடியால் விழுந்தவரைப் பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

அவர்கள் வீட்டுக்குப் போக உன் வாசலைக் கடக்க வேண்டும். அப்போது நீ வெளியே வராதே. டீ போட்டு வைக்காதே. உன் பொய்யைத் தாண்டி ஒரு நாளாவது நடந்து பார்க்கிறேன். முடிந்தால், திரும்பும்போது நானே கதவைத் தட்டுவேன். தட்டாவிட்டால், ஏன் என்று கேட்டு எழுதாதே.

மசயோ