பிந்திப்போன பாங்கு

2009 செப்டம்பர் 5, சனி

யுத்தம் முடிந்து வந்த முதல் நோன்பு. சோதனைச்சாவடிப் பயமில்லாமல் சனம் தராவீஹ் இரவுத் தொழுகைக்கு வருகிறது.

சுனாமித் தண்ணீர் குடித்ததிலிருந்து பாங்கு சொல்லும் மோதினாரான வாப்பாவுக்குத் தொண்டை சரியில்லை. எங்கள் சுனாமி வீட்டுத்திட்டப் பள்ளிவாசலில் பாங்கு சொல்வது நான் அமைத்துக்கொடுத்த கம்ப்யூட்டர்தான். இன்று மாலை மஃரிப் தொழுகைக்குப் பிறகு அதில் ஒரு கலண்டர் மென்பொருளையும் ஏற்றினேன். "இதைவிடப் புதிய கோப்பு ஏற்கெனவே இருக்கிறது, மாற்றவா?" என்று கேட்டது. இஷாத் தொழுகைக்கு ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். அவசரத்தில் ஓம் என்று அமர்த்திவிட்டேன்.

செப்டம்பர் 6



நோன்பு திறக்கக் கஞ்சியோடு உட்கார்ந்திருந்தோம். கடற்காற்றில் தூரத்துப் பள்ளியின் பாங்கு வந்தது. எங்களுடையது எட்டு நிமிடம் பிந்தித்தான் கேட்டது. அடுத்த வீட்டு சுபைறா மாமி சிரித்தார். "ஹாஜறா, ஒண்ட கம்ப்யூட்டரும் நோன்பு புடிச்சிக் களைச்சுப் போச்சு போல!"

நானும் சிரித்தேன். கஞ்சிக் கோப்பையைத் தூக்கிய பிறகுதான் — யா அல்லாஹ், அப்போ சுபஹ்?

நோன்பு பிடிக்க, விடியற்காலைச் சுபஹுப் பாங்கு கேட்கும்வரை சாப்பிடுகிறவர்கள் நாங்கள். விடியற்காற்று வயலிலிருந்து கடலுக்குப் போகும். அடுத்த பள்ளிச் சத்தம் இங்கே வராது. அதுவும் பிந்தித்தானே இருக்கும்? விடிந்த பிறகும் தின்றிருக்கிறோம். முழு வீட்டுத்திட்டமும்!

செப்டம்பர் 7

இன்றைய சுபஹுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டேன். இரண்டு மென்பொருளும் நேரம் கணக்கிட ஒரே கோப்பைத்தான் பகிர்கின்றன. கலண்டர் தன்னோடு கொண்டுவந்த பழைய பதிப்பு, புதியதை அழித்துவிட்டு அதன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. புதியதற்குக் கல்முனை தெரியும். பழையதற்கு இலங்கை என்றால் கொழும்பு மட்டும்தான். கிழக்கில் எங்களுக்கு முந்தி விடியும் என்று அதற்கு யார் சொல்வது? புதியதைத் திரும்பப் போட்டேன். கலண்டருக்கு அதன் பழசைத் தனியாக, அதன் கோப்புறைக்குள்ளேயே வைத்தேன்.

வாப்பாவிடம் சொன்னேன். "சனத்திட நோன்பு போயிருக்கி மகள். மறைக்கேலாது." ஒலிபெருக்கியில் சொன்னார்: எல்லாரும் ஒரு நோன்பைக் கழாச் செய்ய, அதாவது பெருநாளுக்குப் பிறகு திரும்பப் பிடிக்க வேண்டும்.

மாமி ஓடிவந்தார். "சீனி வருத்தத்தோட புடிச்ச நோன்புடி! எண்ட மூணு புள்ளையையும் கடல் கொண்டு போன பொறகு, நான் அல்லாஹ்கிட்ட நீட்ட இரிக்கிறது இது ஒண்டுதான்."

ஒரு பொத்தானைத்தானே அமர்த்தினேன்!

செப்டம்பர் 21

பெருநாள். ஒவ்வொரு பெருநாளும் வருகிற மாமி வீட்டு வட்டிலப்பம் இம்முறை வரவில்லை.

அக்டோபர் 1, வியாழன்

எல்லாரும் சேர்ந்து கழா நோன்பு. பள்ளி முற்றத்தில் கஞ்சி. பெண்கள் பக்கம் மாமி எனக்கு எதிரே இருந்தார். கம்ப்யூட்டரை நிற்பாட்டிவிட்டு நீங்களே பாங்கு சொல்லுங்கள் என்று வாப்பாவைக் கெஞ்சிப் பார்த்தேன். "நீதானே திருத்தின," என்றார். அவ்வளவுதான்.

பாங்கு ஒலித்தது. ஒரு கையும் வாய்க்குப் போகவில்லை. தூரத்துப் பள்ளிப் பாங்கும் வரட்டும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள்.

மாமி பேரீச்சம்பழத்தைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். "நோன்பு துறக்கலாமா புள்ள?"

"ஓம் மாமி."

"பிஸ்மில்லாஹ்," என்று வாயில் வைத்தார். அதன் பிறகுதான் மற்றவர்களும்.