வீட்டில் இருந்தேன் என்று எழுதாதே

நாமக்கல்,
10.5.2026

அன்புள்ள தனப்பிரியாவுக்கு,

மாமா எழுதுவது. இங்கே உன் அம்மாவும் அத்தையும் நன்றாக இருக்கிறார்கள். நானும் நன்றாக இருக்கிறேன் என்று எழுதினால் பொய்யாகிவிடும். பொய் சொல்லித்தான் இந்த நிலைமைக்கு வந்திருக்கிறேன், அதனால் அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

தினமும் போனில் பேசுகிற மாமா திடீரென்று வெளிநாட்டுக்குக் கூரியரில் கடிதம் அனுப்புகிறாரே என்று பயந்துவிடாதே. யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. போனில் சொல்லத்தான் மூன்று தடவை ஆரம்பித்தேன். நீ "சொல்லுங்க மாமா" என்றதும், "அங்க குளிரு எப்படி சாமி" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். மே மாதத்தில் குளிரை விசாரிக்கிறாரே, மாமாவுக்கு என்ன ஆச்சு என்று நினைத்திருப்பாய்.

இங்கே வெயில் தாங்க முடியவில்லை. கோழிகள் தீவனம் எடுக்காமல் முட்டை சிறுத்துவிட்டது. பண்ணையில் மதியம் முழுக்கத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்கிறார்கள். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படி ஏறுகிறாள். இப்படியே எழுதிக்கொண்டு போனால் வெயிலைப் பற்றியே நாலு பக்கம் ஓட்டிவிடுவேன் என்று எனக்கே தெரிகிறது. விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த முட்டைப் பொடி கம்பெனி வேலை உன் கையை விட்டுப் போனது உன்னால் இல்லை கண்ணு. என்னால்.

அங்கே உன் காலேஜில் வேலை தேடுகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததை எல்லாம் நீ ஒழுங்காகச் செய்தாய். விண்ணப்பத்தில் உன் வேலையை அறிந்த ஒருவரின் பெயரும் நம்பரும் கொடுக்க வேண்டும், அவரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும், என்ன வேலைக்குப் போடுகிறோம் என்பதையும் அவருக்கு அனுப்ப வேண்டும் என்றார்களாம். நீயும் நம் முட்டை ஏற்றுமதி ஆபீசில் வேலை பார்த்ததற்கு என் பெயரைக் கொடுத்துவிட்டு, பிப்ரவரியில் நாலு நிமிடம் தமிழில் பேசி வாட்ஸ்அப்பில் அனுப்பினாய். எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை என்று கேட்பார்கள், என்ன வேலை செய்தாள் என்று கேட்பார்கள், மறுபடி வேலைக்கு எடுப்பீர்களா என்று கேட்பார்கள், உள்ளதைச் சொன்னால் போதும் மாமா என்றாய். நான் அப்போது ராசிபுரத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். அரை நிமிடம் கேட்டுவிட்டு, "சரி சாமி, நான் பாத்துக்கறேன்" என்று பதில் போட்டுவிட்டு இலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

ஏப்ரல் ஆறாம் தேதி காலையில் போன் வந்தது. கண்டெய்னருக்கு முட்டை ஏற்றிக்கொண்டிருந்தோம், லாரி சத்தம். ஒரு பெண், சென்னைத் தமிழ். ஏதோ ஒரு பேரைச் சொல்லி அங்கிருந்து பேசுவதாகச் சொன்னாள். அதை நான் காதில் வாங்கவில்லை. "தனப்பிரியாவைப் பற்றி விசாரிக்கணும் சார்" என்றாள், அது மட்டும்தான் எனக்கு வேண்டியிருந்தது. உன் அப்பா போனபிறகு உன்னைப் பற்றிய கல்யாண விசாரிப்பு எல்லாம் எனக்குத்தானே வரும். அந்த மாதத்தில் ஏற்கெனவே மூன்று வந்திருந்தன. திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு இடம், பையன் ஜெர்மனியில், அவர்கள் ஆள் விட்டுக் கேட்பார்கள் என்று தரகர் இரண்டு நாள் முன்புதான் சொல்லியிருந்தார். நேராகச் சொல்லாமல் யாரோ போலக் கேட்பதுதானே நம் பக்கத்து வழக்கம். அவர்கள்தான் என்று முடிவு கட்டி, நானும் விசாரிப்புக் குரலை எடுத்துக்கொண்டேன்.

உங்கள் கம்பெனியில் வேலை பார்த்தார்களா என்று கேட்டாள். "வேலைன்னு ஒண்ணும் இல்லீங்க. எங்க ஊட்டுப் புள்ளைக்கு வேலைக்குப் போகோணும்னு என்ன தலையெழுத்துங்க? பொழுது போகலைன்னு ஆபீசுல வந்து உக்காந்துட்டுப் போகும்" என்றேன். ஏன் நின்றுவிட்டார்கள் என்றாள். "நாங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நின்னுக்கும்ங்க. சொன்ன பேச்சைத் தட்டாது" என்றேன். மறுபடியும் வேலைக்கு எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டாள். கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போகுமா என்று சுற்றி வளைத்துக் கேட்கிறாள் என்று நினைத்து, "இனி அதுக்கு எதுக்குங்க வேலை, ஊட்டோட இருந்துக்கும்" என்றேன். ஒரு படிவம் அனுப்ப மெயில் முகவரி கேட்டாள். அதெல்லாம் வேண்டாம், நேரில் வாருங்கள், சாப்பிட்டுக்கொண்டே பேசலாம், ஜாதகம் வேண்டுமானால் இப்போதே அனுப்புகிறேன் என்றேன். அந்தப் பெண் நன்றி சார் என்று வைத்துவிட்டாள்.

அன்றைக்கு மதியம் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். உன் அம்மாவைக் கூப்பிட்டு, "வசந்தா, பிரமாதமாப் பேசியிருக்கறேன்" என்று பெருமை வேறு அடித்தேன்.

ஒன்பது நாள் கழித்து நீ அழுதுகொண்டே போன் செய்தாய். "நான் சொன்ன இரண்டு வருட அனுபவத்தை உறுதி செய்ய முடியவில்லையாம் மாமா, வேலை இல்லை என்றுவிட்டார்கள், வேறு ஆளையும் எடுத்துவிட்டார்கள்" என்றாய். அவர்கள் வழக்கமாகக் கேட்கிற கேள்விகளை நீ ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எனக்குப் புரிந்துவிட்டது. உங்களுக்கு யாராவது போன் செய்தார்களா என்று கேட்டாய். "இல்லையே சாமி" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது என்று எழுதலாம், ஆனால் அதுவும் பொய்தான். தெரிந்தேதான் சொன்னேன். ஐம்பத்தெட்டு வயதில் ஒரு சின்னப் பெண்ணிடம் மாட்டிக்கொள்ளப் பயந்து சொன்னேன். நீ உடனே, "அப்படியானால் நான்தான் நம்பரைத் தப்பாக எழுதியிருப்பேன்" என்றாய். அப்போதும் நான் சும்மா இருந்தேன்.

பிறகு அந்தப் பெண் பேசிய நம்பருக்குப் போட்டுப் பார்த்தேன். வேலைக்கு எடுக்கிற ஆட்களைப் பற்றிச் சரிபார்க்கிற ஏஜென்சி என்று ரெக்கார்டு செய்த குரல் இங்கிலீஷில் சொன்னது. வைத்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா அவள் போனில் உன் புது விண்ணப்பத்தைக் காட்டினாள். 25ஆம் தேதி கடைசி நாள் என்றாள். அதில் இங்கே படித்த காலேஜ் இருக்கிறது, அங்கே படித்த படிப்பு இருக்கிறது, நடுவில் இரண்டு வருடம் இல்லை. ஏன் என்று கேட்டேன். நிரூபிக்க முடியாததை எழுதினால் வம்பு என்று கூடப் படித்த பெண் யாரோ சொன்னாளாம், அதனால் எடுத்துவிட்டாயாம். அந்த இடத்தில் குடும்பச் சூழ்நிலையால் வீட்டில் இருந்தேன் என்று ஒரு வரி எழுதியிருக்கிறாய்.

நான் அந்தப் பெண்ணிடம் போனில் சொன்னதை நீ உன் கையால் எழுதியிருக்கிறாய் சாமி. எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உன் அத்தை வெயிலால்தான் என்று நினைத்து மோர் கரைத்துக் கொடுத்தாள்.

மறுநாள் ஆபீசில் ஜீவானந்தத்தைக் கூப்பிட்டு நீ எழுதிய நோட்டுகளை எடுக்கச் சொன்னேன். முட்டை ஏற்றுகிற இடத்தை இன்றைக்கும் அவன்தானே பார்க்கிறான், அவனுக்கு எல்லாம் எங்கே இருக்கிறதென்று தெரியும். பதினாறு நோட்டு. எந்தப் பண்ணை முட்டை எந்தப் பெட்டியில் போனது, லேபுக்கு அனுப்பியது என்றைக்கு, கண்டெய்னருக்குள் சூடு எவ்வளவு, ஒரு நாள் விடவில்லை நீ. காய்ச்சலோடு வந்த நாளில்கூட எழுத்து கோணலாக இருக்கிறதே தவிர விடவில்லை. ஜீவானந்தம் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இத்தனை எழுதுன புள்ளைக்கு நாம ஒரு வேலை ஆர்டர்கூடக் குடுக்கலீங்களா?" என்று கேட்டான். அவன் குத்திக் காட்டுகிற ஆள் இல்லை, தெரியாமல்தான் கேட்டான். நான் டீ வாங்கி வரச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

நீ ஒருதரம் சம்பளச் சீட்டு கேட்டாய், ஞாபகம் இருக்கிறதா? அதெல்லாம் வேலைக்காரர்களுக்கு, நீ நம் வீட்டுப் பிள்ளை என்று சிரித்தேன். தீபாவளிக்குத் தோடு எடுத்துக் கொடுத்துவிட்டுப் பெரிய மனுசன் ஆகிவிட்டேன். அதனால்தான் இரண்டு வருடத்துக்கு என் வாயைத் தவிர உனக்கு வேறு சாட்சி இல்லாமல் போனது. அந்த வாய் இந்த லட்சணம்.

மஸ்கட் வியாபாரி, முட்டை எல்லாம் கெட்டுப்போய் வந்திருக்கிறது என்று சண்டைக்கு நின்றபோது, நீ பெட்டிக்குள் வைத்து அனுப்பிய, சூடு அளக்கிற கருவியின் பதிவை எடுத்து, அவர்கள் துறைமுகத்தில்தான் ஒன்பது மணி நேரம் கரண்ட் இல்லாமல் கண்டெய்னர் நின்றது என்று காட்டினாய். அவன் வாயை மூடிக்கொண்டான். அன்றைக்குக் கோழிப்பண்ணைச் சங்கக் கூட்டத்தில் "நாங்க கண்டுபிடிச்சுட்டோம்" என்று மார்தட்டினேன். உன் பெயரைச் சொல்லவில்லை. பெண்பிள்ளை பெயரை நாலு பேர் நடுவில் எதற்கு என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். இப்போது அதை நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

நேற்று உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று தயாராகத்தான் போனேன். அவள், "அண்ணா, நானா இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்" என்றாள். திட்டியிருந்தால் தேவலை. அவளும் அழுதாள், நானும் அழுதேன்.

இத்துடன் கம்பெனி தாளில் சான்றிதழ் வைத்திருக்கிறேன். 2021 ஜூலை முதல் 2023 ஜூலை வரை, தரக் கட்டுப்பாடு, என்னென்ன வேலை என்று வரிசையாக. கையெழுத்தும் முத்திரையும் இருக்கிறது. முதலில் "நல்ல குடும்பத்துப் பெண், அடக்கமானவள்" என்று ஒரு வரி போட்டிருந்தேன். பிப்ரவரியில் நீ பேசி அனுப்பியதை இப்போது முழுசாக ஏழு தடவை கேட்டேன், கேட்டுவிட்டு அந்த வரியை எடுத்துவிட்டேன். நோட்டுகளில் பன்னிரண்டு பக்கம் நகல் எடுத்து வைத்திருக்கிறேன். விண்ணப்பத்தில் சேர்க்க வசதியாக எல்லாவற்றையும் மெயிலிலும் அனுப்ப ஆபீசில் சொல்லி வைத்திருக்கிறேன், நீ "அனுப்புங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

உனக்கு அங்கே இருக்க செப்டம்பர் கடைசி வரைதான் அனுமதி என்று எனக்குத் தெரியும். வேலை கிடைக்காவிட்டால் வந்துவிடுகிறேன் என்று அம்மாவிடம் சொன்னாயாம். வரவேண்டும் என்று ஆசைப்பட்டு வந்தால் ஊரையே கூட்டி வரவேற்பேன். நான் செய்த காரியத்தால் வருவதாக இருந்தால் உன் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?

அதனால் ஒன்று கேட்கிறேன், மாமாவுக்காக இல்லை, உனக்காகச் செய். அந்த வீட்டில் இருந்தேன் என்கிற வரியை அடித்துவிடு. அந்த இரண்டு வருடத்தை மாதத்தோடு எழுது. மஸ்கட் விஷயத்தையும் எழுது, பழைய விண்ணப்பத்தில்கூட நீ அதை எழுதவில்லை என்று அம்மா சொன்னாள். என் பெயரைக் கொடுக்க உனக்கு மனம் வராமல் போகலாம். வராவிட்டால் ஜீவானந்தம் பெயரைக் கொடு, அவனிடம் சொல்லியிருக்கிறேன், அவன் உள்ளதைச் சொல்வான். என்னை மன்னிக்கச் சொல்லி அவசரப்படுத்த மாட்டேன்.

ஒருவேளை என் பெயரையே கொடுத்தால், எந்த ஊர் நம்பரிலிருந்து போன் வந்தாலும் லாரியை நிறுத்தச் சொல்லிவிட்டுப் பேசுவேன். வேலைக்குக் கேட்டாலும் சரி, கல்யாணத்துக்குக் கேட்டாலும் சரி, இனி என்னிடம் ஒரே பதில்தான். இரண்டு வருடம் எங்களிடம் வேலை பார்த்தது, அது போனபிறகு அந்த வேலைக்கு இரண்டு ஆள் போட்டும் நோட்டு ஒழுங்காக இல்லை.

திருச்செங்கோட்டுக்காரர்களும் போன வாரம் போன் செய்தார்கள். அவர்களிடமும் இதைத்தான் சொன்னேன். அதன் பிறகு அவர்கள் கூப்பிடவில்லை, போகட்டும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. நீ நன்றாக இருக்க வேண்டும் சாமி.

இப்படிக்கு,
மயில்சாமி
(தனப்பிரியா வேலை பார்த்த கம்பெனியின் முதலாளி, உன் மாமா)