கண்ணாடிப் பெட்டிக்கு ஒரு உறை

செப்டம்பர் 14, ஞாயிறு

காலையில் நகுலுக்குப் போன் செய்தேன். வின்னிபெக்கில் அப்போது சனிக்கிழமை ராத்திரி. சாப்பிட்டாயா? ஆச்சும்மா. வேலை? போறதும்மா. குளிரா? இல்லேம்மா. வெச்சுடட்டுமாம்மா? ம்.

அடுப்பில் வைத்த குக்கர் முதல் விசில் அடிப்பதற்குள் பேச்சு முடிந்துவிட்டது. ஒரு வாரம் முழுக்க என்னென்ன கேட்க வேண்டும் என்று யோசித்து வைத்திருந்தேன்.

ஏதோ கேட்க மறந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. விளையாட உட்கார்ந்திருப்பான். இங்கே இருந்தபோதும் அப்படித்தான். கதவைச் சாத்திக்கொண்டு, காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, நாக்பூர் பையன், பிரேசில் பையன் என்று முகம் தெரியாதவர்களோடு பேசிப் பேசிச் சிரிப்பான். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டிருக்கிறேன். அப்படி ஒரு சிரிப்பு என்னிடம் ஒரு தடவையும் சிரித்ததில்லை. நகுலின் அப்பா போன பிறகு இந்த வீட்டில் யாருமே சிரிக்கவில்லை, நானும்தான்.

செப்டம்பர் 16, செவ்வாய்

ஒரு எண்ணம் வந்திருக்கிறது. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

செப்டம்பர் 17, புதன்

நானும் அந்த விளையாட்டை விளையாடினால் என்ன?

ஆபீசில் பிரேமலதாவிடம் மட்டும் சொன்னேன். டப்பாவை மூடிவிட்டுச் சிரித்தாள். "ஷ்யாமளா மேடம், ஐம்பத்தேழு வயசுல எல்லாரும் கீர்த்தனை கத்துக்கறா" என்றாள். கீர்த்தனை கற்றுக்கொண்டால் நகுல் பேசுவானா?

செப்டம்பர் 21, ஞாயிறு

அவனிடமே கேட்டுவிட்டேன். "அதெல்லாம் உனக்கு செட் ஆகாதும்மா. தலை சுத்தும். பெரிய மெஷின் வேற வேணும்" என்றான். மெதுவாகத்தான் சொன்னான். ஆனால் வேண்டாம் என்றுதான் சொன்னான்.

சரி. பெரிய மெஷின்தானே.

செப்டம்பர் 27, சனி

மாதுங்கா ரோடில் ஏறி கிராண்ட் ரோடில் இறங்கி லாமிங்டன் ரோடு. முதல் இரண்டு கடைகளில் "பேட்டே கே லியே?" என்றார்கள். மகனுக்கு இல்லை, எனக்கு என்றதும் டைப் அடிக்கிற கம்ப்யூட்டரைக் காட்டினார்கள். மூன்றாவது கடையில் ஷேக் பரீத் என்று ஒருவர், என் வயசுதான் இருக்கும். சிரிக்காமல் எந்த விளையாட்டு என்று கேட்டார். காடு, மரம் வெட்டி வீடு கட்டணும், ஓநாய் வரும் என்றேன். புரிந்துகொண்டார். கிராஃபிக்ஸ் கார்டு இன்னது வேண்டும், லேப்டாப் வேண்டாம் என்றார்.

பெட்டியில்தான் தகராறு. அவர் முன்பக்கம் முழுக்கச் சல்லடை மாதிரி ஓட்டை உள்ள ஒன்றைக் காட்டி, காற்று போக இதுதான் நல்லது என்றார். எங்கள் பக்கத்துக் கட்டடத்தை இடித்துக்கொண்டிருக்கிறார்கள். காலையில் துடைத்த மேஜையில் சாயங்காலம் விரலால் பெயர் எழுதலாம். அந்தத் தூசிக்குச் சல்லடையா? மூன்று பக்கமும் கண்ணாடி போட்டதுதான் வேண்டும் என்று நின்றேன். "கரம் ஹோகா, ஆன்ட்டி" என்றார். சூடானால் ஆகட்டும், அழுக்காகக் கூடாது என்றேன். இன்ஷூரன்ஸ் கிளெய்ம் செக்ஷனில் முப்பது வருஷம் உட்கார்ந்தவளோடு வாதாடி ஜெயிக்க முடியுமா?

அக்டோபர் 1, புதன். சரஸ்வதி பூஜை

நேற்று பரீத்தே வந்து எல்லாம் மாட்டிக் கொடுத்தார். விளையாட்டுக்குப் பெயர் பதிய வேண்டுமாம். சோதித்துப் பார்க்க அவருடைய பழைய பெயரையே போட்டார், 'ஷேக் பிசி' என்று. அப்புறம் மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இன்று புத்தகங்களோடு அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். சாயங்காலம் உட்கார்ந்து ஒரு உறை தைத்தேன். நகுல் அறையில் தொங்கிய பழைய திரைச்சீலை, நீலத்தில் மஞ்சள் ராக்கெட். நாலாம் வகுப்பில் அவனே கடையில் பொறுக்கிய துணி. மிக்ஸிக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் ஏற்கெனவே அதில்தான் உறை. டிவிக்குப் போடுகிற மாதிரி முன்பக்கம் மடித்துத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம், மேல்பக்கமும் பின்பக்கமும் மூடியே இருக்கும். அளவு கச்சிதம்.

அக்டோபர் 5, ஞாயிறு

அவன் பெயர் எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்திலிருந்தே 'பானிபூரி400019'தான். தேடினேன், கிடைத்தான். அவன் கூடாரத்தில் யார் வேண்டுமானாலும் சேரலாம் என்று போட்டிருந்தது. சேர்ந்தேன்.

ஹெட்ஃபோனில் அவன் குரல். பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி. "வெல்கம், ஷேக் பாய், மரம் வெட்டத் தெரியுமா?" என்று ஹிந்தியில் கேட்டான். நான் யார் என்று சொல்லியிருக்க வேண்டும். கை ஓடவில்லை. 'சிகா தோ' என்று டைப் அடித்தேன். கற்றுக்கொடுத்தான். பொறுமையாக. எனக்குப் போன் பார்க்கக் கற்றுக்கொடுத்தபோது இவ்வளவு பொறுமை இல்லை.

நெருப்பு மூட்டி எல்லோரும் சுற்றி உட்கார்ந்தோம். அவன் ஏதோ சொல்ல ஆரம்பித்தான். பெட்டிக்குள் காற்றாடி ஓவென்று கத்தியது. திரை கறுத்துவிட்டது. அவ்வளவுதான்.

அக்டோபர் 6, திங்கள்

இன்றும் அணைந்தது. கண்ணாடியைத் தொட்டேன். தோசைக்கல்.

அக்டோபர் 11, சனி

பரீத்துக்குப் போன். அக்டோபர் வெயில், டேபிள் ஃபேன் வையுங்கள் என்றார். வைத்தேன். கொஞ்சம் கூடுதல் நேரம் ஓடி அப்புறம் அணைகிறது. ஆபீசில் தீ விபத்து ஃபைல்களாகப் பார்த்துப் பார்த்து எனக்கு எல்லாமே ஷார்ட் சர்க்யூட்டாகத் தெரிகிறது. விளையாடும்போது பக்கத்தில் ஒரு வாளி மணல் வைத்திருக்கிறேன். சிரிப்பதற்கும் ஆள் இல்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

நகுல் சிரித்தான்!

நான் விறகைத் தூக்கிக்கொண்டு பாலத்தைப் பார்க்காமல் நேராக ஆற்றுக்குள் நடந்துவிட்டேன். "ஷேக் பாய் குளிக்கப் போயிட்டார்" என்று சொல்லிச் சிரித்தான் பாருங்கள், மூச்சு வாங்கச் சிரித்தான். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்ட அதே சிரிப்பு. ஹெட்ஃபோனைக் கழற்றவே மனசில்லை. அப்புறம் திரை கறுத்தது. போகட்டும்.

இது ஒட்டுக்கேட்பது இல்லையா? ஒட்டுக்கேட்பதுதான்.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

போனில்: கங்கா ஸ்நானம் ஆச்சா? ஆச்சும்மா. பட்சணம் ஏதாவது? வாங்கினேம்மா. வெச்சுடட்டுமா?

ஷேக் பாயிடம் நேற்று அரை மணி பேசினான். எனக்கு அந்த ஆளின் மேல் பொறாமையாக இருக்கிறது.

நவம்பர் 9, ஞாயிறு

என்ன எழுதுவது.

நீங்கள் ஏன் பாதியிலேயே காணாமல் போகிறீர்கள் என்று கேட்டான். மெஷின் சூடாகிறது என்று அடித்தேன். அவன் விவரமாகச் சொன்னான்: உள்ளே சூடான காற்று மேலேயும் பின்னாலேயும் வெளியே போக வேண்டும், அங்கே எதுவும் அடைத்துக்கொண்டிருக்கிறதா பாருங்கள். பார்த்தேன். ராக்கெட் துணி. நான்தான் தைத்தேன்.

அப்புறம் அவன் சொன்னது இதுதான். ஹிந்தியில்தான் சொன்னான், சிரித்துக்கொண்டே. "உங்களுக்கு சூடு பிரச்சினை, பாய். எனக்கு இந்த மெஷின்தான் ஹீட்டர். வேலையில ஷிஃப்ட் பாதியாக் குறைச்சுட்டாங்க. ஹீட்டருக்குத் தனி பில். அதனால கேம் போட்டு விட்டுட்டு, பின்னால கையைக் காட்டி உக்காந்திருப்பேன்." நாக்பூர் பையன், வீட்டில் சொன்னாயா என்று கேட்டான். "அம்மாகிட்டயா? அவ குரல் கேட்டாலே எல்லாத்தையும் கொட்டிடுவேன் போலிருக்கும். அதான் சீக்கிரம் வெச்சுடுவேன்" என்றான்.

திரை அணையவில்லை. அணைந்திருந்தால் தேவலை.

குளிரா குளிரான்னு ஒவ்வொரு வாரமும் கேட்டேனேடா. இல்லேம்மா இல்லேம்மான்னு சொன்னியே. ஒரு பொட்டிக்குப் பின்னால கையை நீட்டிண்டு உக்காந்திருக்கியா நீ? இங்க நான் பொட்டி சுடறதுன்னு ஃபேன் வெச்சிண்டிருக்கேன்.

நவம்பர் 10, திங்கள்

லீவு போட்டேன். உறையை எடுத்துவிட்டு ஓடவிட்டேன். சமையல் முடித்து, துணி உலர்த்தி வந்த பிறகும் ஓடிக்கொண்டிருந்தது. பரீத் சொன்னதுபோல் கொஞ்சம் சூடு, ஆனால் அணையவில்லை. நோய் இதுதான்.

இனி ஷேக் பாய் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நெருப்புக்குப் பக்கத்தில் உட்காரலாம். நகுல் எல்லாவற்றையும் சொல்வான். எனக்குத் தெரிந்தது அவனுக்குத் தெரியவே வேண்டாம். சௌகரியமான ஏற்பாடுதான்.

ஆனால் ஷேக் பாய் அவனிடம் ஹீட்டரைப் போடுடா என்று எந்த உரிமையில் சொல்வார்?

நவம்பர் 13, வியாழன்

சொல்லிவிட்டால் கோபப்படுவான். இனி போனையும் எடுக்காமல் போகலாம். இருக்கிற ஒரு நிமிஷமும் போய்விடும். ரயிலில் வரும்போது இதே யோசனையில் தாதரில் இறங்கிவிட்டேன்.

நவம்பர் 16, ஞாயிறு

உள்ளே போனதும் கேட்டான்: சரியாச்சா பாய்? இல்லை என்றேன். பொய். அப்படியானால் மெஷினை போட்டோ எடுத்து விளையாட்டு குரூப்பில் போடுங்கள், பார்க்கிறேன் என்றான்.

எழுந்து போய், பீரோவிலிருந்து உறையை எடுத்து, திரும்ப மாட்டினேன். சுருக்கம் இல்லாமல் இழுத்துவிட்டேன். ராக்கெட் நன்றாகத் தெரிய வேண்டும். படம் எடுத்தேன். போனிலிருந்து அதை ஏற்றத் தெரியாமல் தடுமாறினேன். ஏறிவிட்டது.

ஹெட்ஃபோனில் நாக்பூர் பையன் சிரித்தான், "பாய், யே க்யா பெஹ்னாயா ஹை?" என்று. பெட்டிக்குச் சட்டை போட்டிருக்கிறேனாம். நகுல் சிரிக்கவில்லை. பானிபூரி வெளியேறிவிட்டான் என்று திரையில் வந்தது.

நவம்பர் 17, திங்கள்

போன் எடுக்கவில்லை.

நவம்பர் 20, வியாழன்

எடுக்கவில்லை. செய்தி பார்த்திருக்கிறான், பதில் இல்லை. என்ன காரியம் பண்ணினேன்.

நவம்பர் 23, ஞாயிறு

கூடாரத்தில் அவன் இல்லை. நான் மட்டும் நெருப்பு மூட்டி உட்கார்ந்தேன். மெஷின் அணையாமல் ஓடுகிறது. காலை முழுக்க ஓடியது. வீட்டில் அந்தக் காற்றாடிச் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. ஷேக் பாயாகவே இருந்திருக்கலாம்.

நவம்பர் 30, ஞாயிறு

நெருப்புக்குப் பக்கத்தில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். பானிபூரி. வேறு யாரும் இல்லை.

நான் டைப் அடிக்கப் போனேன். அதற்குள் அவன் குரல், தமிழில். "அம்மா, உறையை எடுத்தியா?"

மைக் பொத்தான் எங்கே என்று தேடினேன். "எடுத்துட்டேண்டா."

"இப்ப எவ்ளோ டிகிரி காட்டறது?"

"அறுபத்தாறு. உன் ரூம்ல?"

விறகு எரிகிற சத்தம் மட்டும். அப்புறம், "பதிமூணும்மா" என்றான். அழுதான். நானும்தான். ஓநாய் வந்தது, இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. செத்துப்போனோம்.

டிசம்பர் 2, செவ்வாய்

பரீத்துக்குப் போன் செய்து, சல்லடைப் பெட்டி இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறதாம். அன்றைக்கே சொன்னேனே என்று குத்திக்காட்டவில்லை, நல்ல மனுஷர்.

டிசம்பர் 14, ஞாயிறு

இன்று நகுல் விளையாட வரவில்லை. ஹீட்டரைப் போட்டிருக்கிறானாம், கம்ப்யூட்டரை அணைத்துவிட்டானாம். போன் செய்தான், அவனே. ஷிஃப்ட் இன்னும் பாதிதான், ஜனவரிக்குப் பிறகு பார்க்கலாம் என்றான். ரூமில் கூட இருக்கிற பையன் ரசத்தில் சர்க்கரை போட்ட கதையைச் சொல்லிச் சிரித்தான்.

பேசி முடித்து உள்ளே போனேன். குக்கர் எத்தனை விசில் அடித்ததோ தெரியவில்லை. பருப்பு அடிப்பிடித்துவிட்டது.