முத்திரை இருந்தது, பூட்டு இல்லை

வரிசை போட்டுக்கொள்ளாமல் எனக்கு எழுத வராது என்பது உனக்குத் தெரியும். ஆகவே:

1. உன் மகள் கொடுத்த காகிதக் கட்டு.
2. நீ தெரியாமல் அழுத்திய பொத்தான்.
3. அதன்பின் நான் திருத்தியது.

இன்று காலை அடையாறில் என் வீட்டுக்கு வந்து உன் மகள் அந்தக் கட்டைக் கொடுத்தாள். "அங்கிள், உங்க மெயில் சாஃப்ட்வேருக்கு அப்பா எழுதின குறிப்பு." உறையிலேயே ஊதா மை வாசனை. சாந்தோம் தேவாலயத்தின் பங்கு அலுவலகத்தில் நீ சான்றிதழ்களுக்கு முத்திரை குத்திய மேஜையின் வாசனை. பிரிக்கத் துணிவில்லாமல் இதை எழுத உட்கார்ந்தேன்.

வேளச்சேரியில் ஒரு சிறு நிறுவனம், ஓய்வு பெற்றவனான என்னை நம்பி, மின்னஞ்சல் செயலியின் அமைப்புப் பக்கத்தை வடிவமைக்கச் சொன்னது. 'பாதுகாப்பு' என்று ஒரு பொத்தான் வைத்தேன். அதைப் போட்டால் மின்கையொப்பம் சேரும். எழுதியவர் யாரென்று உறுதியாகும். பெறுபவர் தவிர யாரும் படிக்க முடியாதபடி பூட்டும் வசதியை வேறொரு பக்கத்தில் ஒளித்துவைத்திருந்தேன். சோதித்துப் பார்க்க உன்னிடம் கொடுத்தேன்.

சில வாரங்களில் அதிலிருந்தே எனக்கு எழுதினாய்: "டாக்டர் கைவிரிச்சிட்டார். பாப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நீயும் சொல்லாத." பாதுகாப்பு போட்டிருந்தது. ஆனால் உன் வீட்டில் இருவருக்கும் ஒரே கணினி, ஒரே மின்னஞ்சல் கணக்கு. அனுப்பியவற்றில் அந்த மடல் பூட்டில்லாமல் கிடந்தது. மகள் படித்துவிட்டாள்.

என் ஒரு சொல்லால் உன் ரகசியம் போயிற்றே என்று மன்னிப்புக் கேட்க வந்தேன். நீ சிரித்தாய்.

"ஞானஸ்நான சர்டிபிகேட்டுக்கு முத்திரை வேணும், யார் வேணா படிக்கலாம். சாமியார்கிட்ட பாவத்தைச் சொல்ற பாவசங்கீர்த்தனத்துக்குக் கையெழுத்தே கெடையாது, வெளிய தெரியவும் கூடாது. நீ கோயில் குமாஸ்தாவா இருந்தா பாவத்துக்கெல்லாம் ரப்பர் ஸ்டாம்பு குத்திக்கினு இருப்ப!"

அருகில் மகள் உனக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். வேலைக்கு விடுப்புப் போட்டு, கடைசி நான்கு மாதமும் உன்னோடு இருந்தாள்.

அப்புறம் பொத்தானை இரண்டாக்கினேன். ஒன்றின் கீழ், 'எழுதியது நீங்கள்தான் என்று காட்டும், மற்றவர்களும் படிக்கலாம்.' மற்றதன் கீழ், 'பெறுபவர் மட்டுமே படிக்க முடியும்.' இன்றும் எந்தப் பெயர் வைத்தாலும், முத்திரையா பூட்டா என்று உன் குரலில் கேட்டுக்கொள்கிறேன். அப்படியும் சந்தேகம் தீருவதில்லை.

இவ்வளவு எழுதியபின் கட்டைப் பிரித்தேன். முதல் தாளில் உன் கையெழுத்து: "பாதுகாப்பு போட்டா கையெழுத்து மட்டும் விழுது. பூட்டல. அனுப்பினதைப் பாப்பாவும் படிக்கலாம். பேரை மாத்தச் சொல்லணும்."

கீழே, வழக்கம்போல, ஊதா மையில் தேதி முத்திரை. எனக்கு அந்த மடலை நீ அனுப்பியதற்கு ஒரு வாரம் முந்தைய தேதி.

என் பட்டியலின் இரண்டாவது வரி தவறு. நீ தெரிந்துதான் அழுத்தினாய்.